மீதியில் மூன்றிலொரு பங்கு

1

இது எங்கிருந்து தொடங்கியது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒரு மலருக்காக எழுதத் தொடங்கினேன். சேவை நலன் பாராட்டு மலர். ஆசிரியர் ஒருவர் ஓய்வுபெறும்போது பளபளப்பான அட்டையில் அவருடைய படத்தைப் போட்டு, உள்ளே வாழ்த்துரைகளும் வெண்பாக்களுமாய் அடித்துக் கொடுப்பார்களே, அது. கொட்டாஞ்சேனையில் ஒரு தமிழ்ப் பாடசாலையில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்த பாலேஸ்வரி டீச்சருக்கு அப்படியொரு மலர் வரவிருந்தது. வெள்ளவத்தையில் அவர் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தில்தான் நானும் இருக்கிறேன். கதை எழுதுகிறவன் என்று ஒரு பெயரும் இருக்கிறது. மலர்க்குழு வந்து இரண்டு பக்கம் கேட்டது.

எழுதிக்கொண்டுபோய் டீச்சருக்குக் காட்டினேன். "தன்னை உருக்கி ஒளி தந்த மெழுகுவர்த்தி" என்ற இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, நான் எங்க உருகினனான்? நல்லாச் சாப்பிட்டு, நல்லாப் பேசி, சந்தோசமாத்தான் இருந்தனான். எழுதுறதெண்டால் அந்தப் புதன்கிழமையளை எழுதும்."

"எந்தப் புதன்கிழமைகள்?"

அவர் சொல்லத் தொடங்கினார். பல பின்னேரங்கள் எடுத்தது. மலருக்கு மெழுகுவர்த்தியையே கொடுத்துவிட்டேன். அது அச்சாகியும் விட்டது. இது மற்றது.

2

தொடக்கங்களில் சிலவற்றை அழிக்காமல் விடுகிறேன்.

"அந்தப் புதன்கிழமை மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது." (டீச்சரிடம் கேட்டேன். மழை இல்லையாம். வெயில் எரித்ததாம்.)

"கல்வி என்பது ஒரு சமூகத்தின்..." (இதை முடித்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள்.)

"காகிதத்துக்கும் பஞ்சம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம்." இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

காகிதத்துக்கும் பஞ்சம் வந்த வருடத்துக்கு அடுத்த வருடம். பெற்றோல் வரிசைகள் கலைந்திருந்தன. பிள்ளைகள் ஒழுங்காகப் பாடசாலைக்கு வரத் தொடங்கியிருந்தார்கள். ஆனால் கொரோனாவுக்காக வீட்டிலும், பிறகு பஸ் இல்லாமல் வீட்டிலும் இருந்த பிள்ளைகள், வயதுக்கேற்ப வகுப்பேறி ஒன்பதாம் தரத்துக்கு வந்துவிட்டார்கள். கணக்கு அவர்களோடு கூட வரவில்லை. இரண்டாந் தவணைப் பரீட்சை முடிந்து புள்ளிகள் வந்தபோது அதிபர் ஒஸ்வால்ட் ஆசிரியர் கூட்டம் வைத்தார்.

"கணிதத்தில சராசரி விழுந்துட்டுது. வலயக் கல்விக் கந்தோரில இருந்து கேக்கிறாங்க. என்ன செய்யப்போறீங்க?"

எல்லோரும் மேசையைப் பார்த்தார்கள். பாலேஸ்வரியும் பார்த்தார். 9A அவருடைய வகுப்பு. பாடசாலையின் நல்ல வகுப்பு என்று பெயரெடுத்தது. அதிலும் இப்படியா என்ற யோசனை அவரைத் தின்றது.

கூட்டம் முடிந்து படியிறங்கும்போது 9C கணித ஆசிரியை நஸீறா பக்கத்தில் வந்தார். கொம்பனித்தெருவில் வீடு. இந்தப் பாடசாலைக்கு வந்து அதிக காலமில்லை. பாலேஸ்வரியை விட நன்றாக வயது குறைவு, பேச்சில் மட்டும் குறைவில்லை. 'இருக்கு' என்பது அவர் வாயில் 'ஈக்கி' ஆகிவிடும்.

"டீச்சர், சராசரி எண்டா காய்ச்சல் மாதிரி. காய்ச்சல் ஈக்கி எண்டு மட்டுந்தான் தெரியும். வருத்தம் எங்க எண்டு தெரியா. நாங்க கேள்வி கேள்வியாப் பாத்தா என்ன?"

"எல்லாப் பேப்பரையும் திருப்பியோ? திருத்தி முடிச்சதைத் திருப்பித் திருத்தவோ?"

"திருத்த இல்ல. வாசிக்க."

அந்தப் பேச்சு பாலேஸ்வரிக்கு உறைத்தது. விடைத்தாள்களைத் தான் இவ்வளவு காலமும் வாசிக்கவில்லையா என்ன? ஆனாலும் புதன்கிழமை வருகிறேன் என்று சொல்லிவிட்டார். ஏன் சொன்னார் என்று கேட்டேன். "மறுத்தால் பயந்திட்டன் எண்டு நினைச்சிருப்பா" என்றார்.

3

(இந்தப் பகுதியில் கதை நகராது. அந்த அறையைப் பற்றிச் சொல்லும்போது டீச்சரின் முகம் இருந்த விதத்துக்காகவே இதை வைத்திருக்கிறேன். அவசரமுள்ளவர்கள் நான்காவதற்குப் போகலாம்.)

பழைய விஞ்ஞானகூடம் அது. குழாய்களில் தண்ணீர் வராது. நீளமான மேசைகளில் எந்தக் காலத்துப் பிள்ளைகளோ அமிலம் ஊற்றிய வடுக்கள். ஜன்னலைத் திறந்தால் மாதா கோவில் மணியும் கோவில் மணியும் மாறிமாறிக் கேட்கும். துறைமுகத்திலிருந்து இடையிடையே கப்பலின் ஊதல். பாடசாலை விட்ட பிறகு புதன்தோறும் அங்கே கூடினார்கள். நஸீறா பிளாஸ்கில் இஞ்சி போட்ட பிளேன்டி கொண்டுவருவார். பாலேஸ்வரி வரும் வழியில் மீன் அடைத்த மாலுபாண் வாங்கிவருவார். பாலேஸ்வரி மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர், ஆகவே தனக்கு மட்டும் சீனி பணிஸ்.

பெரிய தாள் வாங்க வழியில்லை. பழைய சுவர்க் கலண்டர்களைப் பிரித்து, பின்பக்கம் திருப்பி ஒட்டினார்கள். ஒரு மாதத் தாளுக்குச் சில பிள்ளைகள். குறுக்கே கேள்விகள். சரியென்றால் நீலப் புள்ளி, பிழையென்றால் சிவப்பு. காற்றடித்தால் தாள் புரண்டு, மறுபக்கத்து நகைக்கடை லட்சுமி சிரிப்பாள்.

தமிழாசிரியர் நமசிவாயம் தேநீருக்காகத்தான் முதலில் வந்தார். பிறகு, "சும்மா குடிக்கக் கூச்சமா இருக்கு, ஒரு பேனையைத் தாங்க" என்று அவரும் புள்ளி வைக்கத் தொடங்கினார்.

ஒரு உடன்பாடு செய்துகொண்டார்கள். இந்தச் சுவரில் இருப்பது இந்த அறையை விட்டு வெளியே போகக்கூடாது. யாருடைய வகுப்பு, யாருடைய பிள்ளை என்ற கதை கதவோடு நிற்கவேண்டும். யாரும் எழுதிக் கையெழுத்து வைக்கவில்லை. தலையாட்டினார்கள், அவ்வளவுதான்.

4

முதல் புதன் வெறும் புள்ளிகள். இரண்டாவது புதன் நஸீறா குறுக்கே நின்றார்.

"சிவப்பு மட்டும் போட்டா போதா டீச்சர். புள்ள என்ன விடை எழுதினிச்சி எண்டும் எழுதுங்க."

"பிழையான விடையை எழுதி என்ன செய்யிறது?"

"அது சும்மா வந்தீக்காதே."

எழுதினார்கள். பாலேஸ்வரி 9A தாள்களை எடுத்து ஒவ்வொன்றாக வாசிக்க, நஸீறா சிவப்புப் பேனையால் எழுதினார். ஏழாவது கேள்விக்கு வந்தார்கள். கேள்வி இது: ஒரு நிலத்தின் காற்பங்கில் வாழையும், மீதியில் மூன்றிலொரு பங்கில் மரக்கறியும் பயிரிடப்பட்டன. எஞ்சிய பகுதி முழு நிலத்தின் என்ன பின்னம்?

"ஐந்தின் கீழ் பன்னிரண்டு," என்றார் பாலேஸ்வரி. அடுத்த தாள். "ஐந்தின் கீழ் பன்னிரண்டு." அடுத்தது. அதுவும் அதே. வாசிக்க வாசிக்க அவருடைய குரல் இறங்கியது. சுவரில் மேலிருந்து கீழாக 5/12, 5/12, 5/12 என்று ஒரு சிவப்பு வரிசை, கலண்டரின் ஓரம் வரைக்கும்.

சரியான விடை அரைவாசி. 9C சுவரில் அந்த இடம் பெரும்பாலும் நீலமாக இருந்தது.*

"பாத்தெழுதியிருக்குதுகள்," என்றார் பாலேஸ்வரி.

"முழு வகுப்புமா டீச்சர்?"

அடுத்த நாள் நிருஷாவைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். 9Aஇல் எப்போதும் முதலாவதாக வருகிற பிள்ளை. ஏன் மீதியைக் கண்டுபிடித்துப் பெருக்கவில்லை என்று பாலேஸ்வரி கேட்க, பிள்ளை விழித்தது.

"'இன்' இல்லையே டீச்சர்."

"என்ன இல்லை?"

"நீங்கதானே சொல்லித் தந்தீங்க, 'இன்' வந்தால் பெருக்கோணும் எண்டு. 'மீதியின்' எண்டு வந்திருந்தா பெருக்கியிருப்பம். இதில 'மீதியில்' எண்டுதானே இருந்தது. அதான் காலையும் மூண்டிலொண்டையும் முழுசில இருந்து கழிச்சம்."

நமசிவாயம் கேள்வித்தாளை வாங்கி வாசித்துப் பார்த்தார். சிரிக்கத்தான் வாயெடுத்தார், பாலேஸ்வரியின் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டார். "உருபு மாறியிருக்கு டீச்சர். பொருள் மாறேல்ல. பிள்ளைகள் பொருளைப் பாக்காம உருபை மட்டும் பாத்திருக்கிறாங்க."

'இன் வந்தால் பெருக்கு.' அது பாலேஸ்வரியின் பிரபலமான குறுக்குவழி. லண்டனிலும் ஸ்காபரோவிலும் இருக்கிற பழைய மாணவர்கள் இன்றைக்கும் அதை எழுதி அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்புவார்கள். அன்று பின்னேரம் கோட்டையில் ரயில் ஏறி, கடல் பக்க ஜன்னலோரம் இடம் கிடைத்தும், வெள்ளவத்தை வரைக்கும் அவர் கடலைப் பார்க்கவில்லை. இத்தனை வருடமும் எத்தனை பிள்ளைகள் தன்னிடம் ஓர் எழுத்தைத் தேடக் கற்றுக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தார்.

* இந்த இடத்தில் எனக்கு நஸீறாவில் சந்தேகம் வந்தது. கதையில் ஒருவர் எப்போதும் சரியாகவே இருந்தால் வாசகர் நம்பமாட்டார். "அவவில ஒரு குறை சொல்லுங்கோ டீச்சர்" என்று கேட்டேன். "கேத்திரகணிதம் எண்டால் அவவுக்குப் பயம். தொடாமல் ஓடிடுவா. 9Cக்காரர் முக்கோணத்தைக் கண்டால் பேனையை மூடிடுவினம். அதுவும் அந்தச் சுவரில சிவப்பாத்தான் இருந்தது," என்றார். நிம்மதியாக இருந்தது.

5

அடுத்த புதன் பாலேஸ்வரி போகமாட்டார் என்று நான் எழுதியிருந்தேன். ரோஷமுள்ள பாத்திரம் அப்படித்தான் செய்யும். அவர் வாசித்துவிட்டு, "போனனான்," என்றார். அடித்துவிட்டேன்.

போனார். போய், பணிஸைப் பிரிக்காமலே சொன்னார்: "நஸீறா, நாளைக்கு என்ர வகுப்பில பின்னத்தை நீர் எடும். நான் பின்னுக்கு இருந்து பாக்கிறன்."

"அப்ப என்ட வகுப்புல முக்கோணத்த நீங்க எடுக்கிறீங்களா?"

"ஓம்."

மறுநாள் 9Aஇன் கடைசி வாங்கில் பாலேஸ்வரி போய் உட்கார்ந்தபோது பிள்ளைகள் திரும்பித் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நஸீறா ஆளுக்கொரு பழைய பத்திரிகைத் துண்டைக் கொடுத்தார்.

"இது காணி. நாலா மடிங்க. ஒண்டக் கிழிச்சி வாழைக்குக் குடுங்க. இப்ப கையில என்ன ஈக்கி?"

"மூண்டு துண்டு மிஸ்."

"அதுல மூண்டுல ஒண்டு?"

பிறகு, ஒவ்வொரு வாங்காக, கிழிக்கும் சத்தம். "ஆ" என்று யாரோ சொன்னது பாலேஸ்வரிக்குக் கேட்டது. தன்னுடைய வகுப்பில் இந்த "ஆ"வை அவர் கேட்டு எவ்வளவோ காலம். முன்னால் நின்று படிப்பிக்கிறவருக்குப் பிள்ளைகளின் முகம்தான் தெரியும். முகங்கள் எல்லாம் விளங்கியதுபோலத் தலையாட்டும். பின்னாலிருந்து பார்த்தால் கைகள் தெரிந்தன. நிருஷா கடதாசியைக் கிழிக்காமல் வைத்திருந்தாள். அவளுடைய பெருவிரல் மடிப்பின்மேல் போய்ப்போய் வந்தது. அவளுடைய முணுமுணுப்பு மந்திரம்போலக் கேட்டது. இன் வந்தால் பெருக்கு, இன் வந்தால் பெருக்கு. பிழையாகிவிடுமோ என்ற பயத்தில், எப்போதும் முதலாவதாக வருகிற அந்தப் பிள்ளையால் ஒரு துண்டுப் பத்திரிகையைக் கிழிக்க முடியவில்லை.

பாலேஸ்வரி எழுந்துபோய் அவளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"கிழி பிள்ளை. பிழைச்சால் வேற கடதாசி இருக்கு."

(இதற்கு மேல் இந்தக் காட்சியில் என்ன எழுதினாலும் அழகு கெடும். சில வாக்கியங்கள் எழுதிப் பார்த்தேன். எடுத்துவிட்டேன்.)

6

கதையில் இனி ஒரு இடி விழவேண்டும். நான் தேடவேண்டியிருக்கவில்லை, விழுந்தது.

யாரோ அந்தச் சுவரைப் போனில் படமெடுத்து, 9A பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். 5/12, 5/12, 5/12. மேலே கொட்டை எழுத்தில் 9A. அடுத்த தாளில் 9Cஇன் நீலம். படத்துக்குக் கீழே ஒரு கேள்விக்குறி மட்டும்.

அதிபர் பெற்றோர் கூட்டத்தை அவசரமாகக் கூட்டினார். நிருஷாவின் அப்பா தியாகராசா முன்வரிசையில் இருந்தார். செட்டியார் தெருவில் கடை வைத்திருப்பவர், மரியாதையாகப் பேசுகிறவர்.

"டீச்சரில எங்களுக்கு மரியாதை இருக்கு. ஆனா நல்ல வகுப்பெண்டு நம்பித்தானே விட்டனாங்கள்? நஸீறா மிஸ்ஸை இந்த வகுப்புக்கு மாத்தித் தந்தால் நல்லம்."

பலர் தலையாட்டினார்கள். அதிபர் பாலேஸ்வரியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

இங்கே நான் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். முதலாவதில் பாலேஸ்வரி அழுதுகொண்டே மண்டபத்தை விட்டு வெளியேறினார். இரண்டாவதில் நஸீறா எழுந்து ஓர் அருமையான சொற்பொழிவு ஆற்றினார். சொன்னால் நம்புங்கள், கைதட்டல் வாங்கக்கூடிய சொற்பொழிவு. நடந்தது மூன்றாவது.

நஸீறா எழுந்தது உண்மைதான். ஆனால் பாலேஸ்வரி அவருடைய கையைப் பிடித்து இருத்திவிட்டு, தானே முன்னால் போனார். மேசையிலிருந்த பழைய பத்திரிகையை எடுத்து முன்வரிசையில் இருந்தவர்களுக்குக் கிழித்துக் கொடுத்தார்.

"அந்தப் படத்தில இருக்கிறது உண்மை. பிள்ளையள் விட்ட பிழை இல்லை, நான் படிப்பிச்ச பிழை. எப்பிடிப் படிப்பிச்சனான் எண்டு காட்டுறன். முதல்ல உங்கட விடையைச் சொல்லுங்கோ."

கேள்வியை வாசித்தார். கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. தியாகராசாதான் முதலில் சொன்னார், தயக்கமில்லாமல்: "ஐந்தின் கீழ் பன்னிரண்டு."

யாரும் சிரிக்கவில்லை. பாலேஸ்வரியும் சிரிக்கவில்லை. "சரி. இப்ப நாலா மடியுங்கோ," என்றார்.

பெரிய மனிதர்கள் மடித்தார்கள். கிழித்தார்கள். தியாகராசா தன் கையில் மிஞ்சிய இரண்டு துண்டுகளையும் கிழித்த இரண்டு துண்டுகளையும் மேசையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "அரைவாசியெல்லோ," என்றார், தனக்குத்தானே. பிறகு, "எங்களுக்கு ஒருதரும் இப்பிடிக் காட்டேல்லை டீச்சர்."

நஸீறாவை மாற்றவேண்டும் என்ற பேச்சு அன்று அதோடு நின்றது. நல்லபடி முடிந்தது என்று சொல்லமாட்டேன். இரண்டு பெற்றோர் பிள்ளைகளைப் பம்பலப்பிட்டிப் பாடசாலை ஒன்றுக்கு மாற்றிக்கொண்டு போனார்கள். கலண்டர்களைச் சுவரிலிருந்து கழற்றச் சொல்லி அதிபர் உத்தரவு போட்டார். அன்றிலிருந்து அவற்றைச் சுருட்டி அலுமாரியில் வைத்து, புதன்கிழமைகளில் மேசையில் விரித்தார்கள்.

படமெடுத்தது யார்? எனக்கு ஓர் ஊகம் இருந்தது. அதை வைத்து ஒரு பக்கமே எழுதியிருந்தேன். டீச்சர் வாசித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

"இதைக் கிழியும். அப்பவும் நான் தேடேல்லை. தேடியிருந்தால் அடுத்த புதன்கிழமை அந்த அறையில ஒருதரும் இருந்திருக்கமாட்டினம்."

ஆகவே அந்தப் பக்கம் இங்கே இல்லை.

7

பிறகு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். மூன்றாந் தவணையில் அந்த மாதிரிக் கேள்விக்கு 9A பெரும்பாலும் நீலம். 9C முக்கோணத்தில் தேறியது. பாலேஸ்வரி அவர்களைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பாடசாலைக் கூரையின் நிழலை அளக்க வைத்திருந்தார். அந்தப் பாடத்தைப் பார்க்க வாசலில் நின்ற நஸீறா, மணி அடித்த பிறகும் ஒரு பிள்ளையின் கொப்பியை வாங்கி வைத்துக்கொண்டு நின்றாராம். ஆனால் நூற்றுவீதக் கணக்குகளில் இரண்டு வகுப்பும் சேர்ந்து விழுந்தன. சராசரி கொஞ்சம் ஏறியது. அதிபர் எதிர்பார்த்த அளவுக்கு இல்லை.

நிருஷா முதலாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு இறங்கினாள். இதை வேண்டுமென்றே சொல்கிறேன். அந்தத் தவணை அவளுடைய விடைத்தாளில் முதல் தடவையாக வெட்டியும் திருத்தியும் எழுதிய இடங்கள் இருந்தனவாம். பாலேஸ்வரி அந்தத் தாளை நஸீறாவிடம் காட்டியபோது இரண்டு பேருக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றைக்கு மாலுபாண் இரட்டிப்பு.

அடுத்த வருடத் தொடக்கத்தில் நஸீறாவுக்கு இடமாற்றம் வந்தது; பேலியகொடைக்கு அப்பால் ஒரு பாடசாலை. பழிவாங்கல் எதுவும் இல்லை. அங்கே ஆள் இல்லை, இங்கே சேவைக்காலம் குறைந்தவர் அவர். அவ்வளவுதான். கதைக்கு இது கொஞ்சமும் ஒத்துவரவில்லை. ஒரு சதியாவது இருந்திருக்கலாம். பாலேஸ்வரி அதிபரிடம் போய்ப் பேசிப் பார்த்தார். "என்ர கையில இல்ல டீச்சர்," என்றார் ஒஸ்வால்ட். அது உண்மைதான்.

கடைசிப் புதனன்று நமசிவாயம் ஏதோ பேசத் தொடங்கி, உருபு, பொருள் என்று இரண்டு சொல் சொல்லி, பிளேன்டியைக் குடிக்கப் போய்விட்டார். நஸீறா போன பிறகும் சில புதன்கள் கூடினார்கள். பிறகு ஒருவருக்கு விளையாட்டுப் போட்டி, ஒருவருக்குத் தலையிடி. விஞ்ஞானகூடத்துக்குப் பெயின்ற் அடித்து, குளிரூட்டி பூட்டி, பெரிய திரை வைத்தார்கள். இப்போது புள்ளிகளைக் கணினியில் போட்டால் அதுவே நிறம் தீட்டிக் காட்டுகிறதாம்.

"அது நல்லதுதானே டீச்சர்?" என்றேன்.

"நல்லது. ஆனா அதுக்கு முன்னால இருந்து ஒருதரும் பாண் தின்னுறேல்லை."

8

முடிவுக்கு வந்துவிட்டேன். என்னிடம் முடிவு இல்லை.

பாலேஸ்வரி டீச்சர் ஓய்வு பெற்றுவிட்டார். மகன் ரொறன்ரோவுக்கு வரச்சொல்லி விசா எடுத்து அனுப்பியிருக்கிறார். வீட்டுக் கூடத்தில் சூட்கேஸ் திறந்தபடி கிடக்கிறது. போவாரா மாட்டாரா என்று கேட்டால், "பாப்பம்" என்கிறார். அவர் விமானம் ஏறுவதாக ஒரு முடிவும், ஏறாமல் வெள்ளவத்தைக் கடற்கரையில் நடப்பதாக ஒரு முடிவும் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் அவருக்கு வாசித்துக் காட்டத்தான் நேற்றுப் பின்னேரம் மேலே போனேன்.

வாசிக்கத் தொடங்க முன் அவருடைய போன் கீச்சிட்டது. நஸீறா. ஒரு படமும், கீழே ஒரு குரல் செய்தியும்.

"டீச்சர், சலாம். இது இங்கத்த எட்டாந் தரம். கேள்வி ஒன்பதப் பாருங்க. எல்லாப் புள்ளையும் ஒரே விடை எழுதீக்கி. ரெண்டு நாளா யோசிக்கிறன், எனக்குப் பிடிபட இல்ல. நீங்க பிளேன் ஏற முந்திச் சொல்லுங்க. இல்லாட்டி புதன்கிழமை வாங்க, மாலுபாண் ஈக்கி. உங்களுக்குப் பணிஸ்."

டீச்சர் இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். கேள்வியை நானும் எட்டிப் பார்த்தேன். ஒரு சட்டையின் விலையை இருபது வீதத்தால் கூட்டி, பிறகு அந்தப் புதிய விலையை இருபது வீதத்தால் குறைத்தால், முதல் விலையோடு ஒப்பிட என்ன மாற்றம்? நான்கு வீதம் குறையும். அது எனக்கே தெரியும். பிள்ளைகள் எல்லோரும் எழுதியிருந்தது: மாற்றமில்லை.

"நாலு வீதம் குறையும் டீச்சர்," என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

அவர் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. கதிரையை ஜன்னல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். என் கையிலிருந்த இரண்டு முடிவுகளையும் வாங்கி, பின்பக்கம் வெறுமையாக இருக்கிறதா என்று பார்த்து, மடியில் திருப்பி வைத்து, பேனையைத் திறந்தார்.

"சரியான விடை எல்லாருக்கும் தெரியும் தம்பி," என்றார். "இந்தப் பிள்ளையள் எப்பிடி யோசிச்சிருக்குங்கள்? அதைச் சொல்லும்."

எனக்குத் தெரியவில்லை. உங்களைக் கேட்கிறேன்.